பிள்ளை ஃபுட்பால் கோச் ஆகணும்னு சொன்னா? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

இங்கே ஃபுட்பால் என்றால் நம் ஊர் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடியும் எறிந்தும் ஆடுகிற அமெரிக்க ஃபுட்பால். டெக்சஸ் மாதிரி இடத்தில் பிள்ளையை ஹைஸ்கூலில் சேர்த்திருந்தால், என்றைக்காவது இந்தப் பேச்சு வீட்டில் வரலாம். உடனே "அதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டுவிடாதீர்கள். இங்கே அது படித்து, கீழேயிருந்து ஏறி வருகிற முழுநேரத் தொழில். ஆனால் ஆரம்ப வருடங்களில் காசு பெரிதாக வராது, அதை மட்டும் மனதில் வையுங்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பள்ளி மேட்ச்சில் மைதான ஓரத்தில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கத்துகிறாரே, அவர் பெரும்பாலும் அதே பள்ளியில் பகலில் பாடம் நடத்தும் ஆசிரியர்தான். கோச்சிங்குக்குச் சம்பளத்துக்கு மேல் ஒரு தொகை கிடைக்கும். அதனால் டிகிரியும் ஆசிரியர் சான்றிதழும் கையில் இருப்பது பெரிய பலம். மைக் ஹோம்க்ரன் சான் பிரான்சிஸ்கோ பக்கம் பள்ளி ஆசிரியராகவும் கோச்சாகவும் இருந்து வந்தவர். 1996 சீசனில் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற தொழில்முறை அணி சூப்பர் பவுல் (தொழில்முறை லீக்கின் இறுதிப் போட்டி) ஜெயித்தபோது அவர்தான் ஹெட் கோச்.

இன்னொரு வழி, கல்லூரியில் கிராஜுவேட் அசிஸ்டென்ட். முதுகலைப் படிப்புக் கட்டணத்தைப் பொதுவாகக் கல்லூரியே பார்த்துக்கொள்ளும், கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம் தரும். வேலையோ விடிய விடிய நடக்கும். எதிரணி ஆடிய வீடியோவை ஒவ்வொரு பிளேயாக (பந்து ஆட்டத்துக்கு வந்ததிலிருந்து ஆட்டம் நிற்கும் வரை ஒரு பிளே) நிறுத்தி, எத்தனையாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் ஒன்று), இன்னும் எத்தனை யார்டு, யார் எங்கே நின்றார்கள் என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். பில் பெலிச்சிக் பொருளாதாரம் படித்துவிட்டு, 1975இல் பால்டிமோர் கோல்ட்ஸ் என்ற தொழில்முறை அணியில் வாரம் 25 டாலருக்கு இந்த மாதிரி வேலையில்தான் சேர்ந்தார். ஹெட் கோச் ஆனது 1991இல், கிளீவ்லண்ட் அணியில். அங்கே வேலை போய், அப்புறம் நியூ இங்கிலாந்தில் ஆறு சூப்பர் பவுல்.

நம் வீடுகளில் புரிந்துகொள்ளக் கஷ்டமான விஷயம், அடிக்கடி ஊர் மாறுவதும் வேலை போவதும். ஆண்டி ரீட் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் உதவியாளராகத் தொடங்கி, நான்கு கல்லூரிகள் மாறினார். 1992இல் அவரை கிரீன் பேவுக்குக் கூட்டிப்போனவர் மேலே சொன்ன ஹோம்க்ரன். பிரிகம் யங்கில் ஏற்பட்ட பழக்கம் அது. ஃபிலடெல்பியாவில் 14 சீசன் ஹெட் கோச்சாக இருந்தவரை 2012 கடைசியில் அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் கான்சஸ் சிட்டி எடுத்துக்கொண்டது, அங்கே மூன்று சூப்பர் பவுல் ஜெயித்தார். இந்தத் தொழிலில் வேலை போனால் அவமானம் இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் நம்மைப் பற்றி நல்லதாகச் சொல்கிறார்களா என்பதுதான் அடுத்த வேலையைத் தீர்மானிக்கும்.

பிள்ளை ஒல்லியாக இருக்கிறான், அடி தாங்கமாட்டான் என்று பயமா? ஆடித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பள்ளி அணியில் ஸ்டூடன்ட் மேனேஜராகவோ, வீடியோ எடுப்பவராகவோ சேரலாம், பெண் பிள்ளைகளும்தான். கல்லூரியிலும் இதே வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், சில இடங்களில் உதவித்தொகையும் உண்டு. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் விசா) இருக்கும் பிள்ளைகள் பொதுவாகச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது என்பதால், எதற்கும் கையெழுத்துப் போடும் முன் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

பயிற்சி ஆகஸ்டில் சூடுபிடித்துவிடும், அப்போது கோச்சுக்குப் பேச நேரமே இருக்காது. மே மாதமே ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். பிள்ளையே எழுதட்டும், நீங்கள் எழுத வேண்டாம்.