1967 சட்டம்தான் உச்சக்காட்சியா?

படச்சுருள்:
பிரிட்டனின் தன்பாலீர்ப்பாளர் வரலாற்றைச் சொல்லும் ஆவணப்படங்கள் பல, ஆண்களுக்கு இடையிலான உறவு குற்றமல்ல என்று ஓரளவுக்கு ஆக்கிய 1967 சட்டத்தை உச்சக்காட்சியாக வைத்துவிடுகின்றன. இதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே. 21 வயது நிரம்பிய ஆண்கள் இருவருக்குத்தான் விலக்கு, அதுவும் தனியிடத்தில். வட அயர்லாந்துக்கு விடிய 1982 ஆயிற்று. 1967க்குப் பிறகு ஆண்கள் மீதான வழக்குகள் கூடத்தான் செய்தன.

வடகடல்:
அதை வைக்காமல் வேறு எதை வைப்பது? தன்பாலுறவுக்காக 1954இல் சிறைக்குப் போன பத்திரிகையாளர் பீட்டர் வைல்ட்பிளட், வெளியே வந்து, இந்தச் சட்டத்தை ஆராய அரசு அமைத்த உல்ஃபெண்டன் குழுவின் முன் சாட்சி சொன்னார். 2017இல் பிபிசி அவர் கதையைப் படமாக்கியபோது, நடிப்புக்கு இடையிடையே அக்காலத்தில் வாழ்ந்த முதியவர்களையும் பேசவைத்தது. எல்லோரும் முகம் காட்டிப் பேசுகிறார்கள்! 1964இல் ஐடிவி தொலைக்காட்சி இதே பொருளில் நிகழ்ச்சி தந்தபோது முகங்களை இருட்டில் மறைக்க வேண்டியிருந்தது. சமூகம் மாறியதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

படச்சுருள்:
மாறியது உண்மை. ஆனால் நடுவில் பின்னோக்கியும் போனது. பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வில், தன்பாலுறவு ‘எப்போதும் தவறு’ என்றவர்கள் 1983இல் 50 விழுக்காடு, 1987இல் 64. எய்ட்ஸ் அச்சம் அப்படி ஆட்டிப்படைத்தது. மறு ஆண்டே உள்ளாட்சிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு வந்தது. உள்ளாட்சி மன்றங்கள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிக்க’த் தடை. ஆசிரியர்கள் வாயைத் திறக்க அஞ்சினார்கள். இங்கிலாந்தில் 2003 வரை இந்த நிலை. இதைச் சில நிமிடங்களில் கடந்துபோகும் படத்தை எப்படி வரலாறு என்பது?

தேன்தினை:
இருவருமே ஆண்களைச் சுற்றியே வருகிறீர்கள். பெண்களுக்கு இடையிலான உறவை அங்கே சட்டம் குற்றமாக்கவே இல்லை. 1967ஐ நடுவில் வைத்தால் அவர்களுக்குக் கதையில் இடமே இராது. 28ஆம் பிரிவை எதிர்த்துப் பிரபுக்கள் சபைக்குள் கயிற்றில் இறங்கியவர்கள் யார்? பிபிசியின் மாலைச் செய்தி அரங்குக்குள் நுழைந்தவர்கள் யார்? பெண்கள்தான். 1980களின் லண்டன் தன்பாலீர்ப்புப் பெண்களைக் காட்டும் ‘ரெபெல் டைக்ஸ்’ ஆவணப்படம் 2021இல்தான் வந்தது.

வடகடல்:
தேன்தினை சொல்வது சரி. ஆனாலும் அந்த 64 விழுக்காடு 2012இல் 22 ஆகச் சரிந்ததே! படங்கள் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். தன் மகனையோ சகோதரியையோ ஒளிவுமறைவின்றிப் பார்த்த குடும்பங்கள் மாறின. என் அவசரம் வேறு. உல்ஃபெண்டன் குழுவின் அறிக்கை வந்த 1957இல் இருபது வயதில் இருந்தவர்கள் இன்று தொண்ணூறை நெருங்குகிறார்கள். முதலில் அவர்களைப் பதிவு செய்ய வேண்டும்.

படச்சுருள்:
தாராளமாகச் செய்யட்டும். 28ஆம் பிரிவு வந்த 1988இல் அவர்களுக்கு ஐம்பது வயதுதான். பலர் வேலையில் இருந்திருப்பார்கள், சிலர் பள்ளி ஆசிரியர்களாகவும். அந்த ஆண்டைப் பற்றியும் அவர்களிடம் கேட்கட்டும் என்கிறேன்.