சனிக்கிழமை ராத்திரி சைனீஸ் பார்சல்: டயட்ல இருக்கறவங்க எப்படிச் சொல்லி வாங்கறது?

அஸ்தம்பட்டி_வாசி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். டயட்டீஷியன் கொடுத்த கணக்கு ஒரு நாளைக்கு 1500 கலோரி. வாரத்துல ஆறு நாள் வீட்டுச் சாப்பாடு, அதுல சிக்கல் இல்லை. சனிக்கிழமை மட்டும் வீட்டுல எல்லாருக்கும் சேலம் அஞ்சு ரோடு பக்கத்துல இருந்து ஃபாஸ்ட் ஃபுட் பார்சல் வரும். அன்னிக்கு ராத்திரிக்கு 500, மிஞ்சினா 550 ஒதுக்க முடியும்.

ரைஸ் நல்லதா, நூடுல்ஸ் நல்லதா? கோபி மஞ்சூரியன் காய்தானே, அது பரவாயில்லையா? சூப்பை மட்டும் குடிச்சு ஓட்டலாமா? "எண்ணெய் கம்மியா போடுங்க"ன்னு சொன்னா கடையில உண்மையிலேயே கம்மி பண்றாங்களா? அம்மாவுக்கு பிரஷர் இருக்கு, அவங்களும் இதே பார்சல்லதான் சாப்பிடுவாங்க. அதையும் மனசுல வெச்சு சொல்லுங்க.

செவ்வாப்பேட்டை_சட்டி பதில்:

ஐட்டம் பேரை வெச்சு முடிவு பண்ணாதீங்க. அது சட்டிக்கு வர்றதுக்கு முன்னாடி என்ன ஆகியிருக்குன்னு பாருங்க.

நூடுல்ஸை சாயங்காலமே வேகவெச்சு வடிச்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க எண்ணெய் ஊத்திப் பிரட்டி, தட்டுல பரப்பி வெச்சிருவாங்க. ஆர்டர் வந்ததும் சட்டியில மறுபடி எண்ணெய். சாதம் உதிரியா வடிச்சு ஆறவெச்சது, பெரும்பாலும் அந்த முதல் எண்ணெய் அதுல இருக்காது. அதனால ரெண்டுல ஒண்ணுன்னா ரைஸ்தான்.

கோபி விஷயத்துலதான் நிறைய பேர் ஏமாறறாங்க. பூவோட சந்து பொந்தெல்லாம் மைதாவும் கார்ன் பிளாரும் கலந்த மாவு இறங்கி ஒட்டிக்கும். கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி முக்கால் பதத்துக்குப் பொரிச்சு தட்டுல குவிச்சு வெச்சிருப்பாங்க. நீங்க கேட்டதும் திரும்பக் காய்ஞ்ச எண்ணெய்ல ஒரு முக்கு. மஞ்சூரியன்னா அதுக்கும் மேல சட்டியில எண்ணெய், சாஸ், கார்ன் பிளார் கரைசல். ஆக மொத்தம் மூணு தடவை எண்ணெய் பார்த்த காய் அது. சில்லி சிக்கன், பனீர் மஞ்சூரியன் எல்லாத்துக்கும் இதே கதைதான். "டிரை"ன்னு கேட்டா கரைசல்தான் இருக்காது, பொரிச்ச எண்ணெய் அப்படியேதான் இருக்கும்.

இன்னொண்ணு, சிக்கன் ரைஸ்ல விழுற சிக்கன் பெரும்பாலும் சிக்கன் 65-ஐ நறுக்கிப் போட்டதுதான். சூப்புக்குன்னு வேகவெச்சுப் பிச்ச சிக்கன் தனி டப்பாவுல இருக்கும். "அதைப் போடுங்க"ன்னு பேர் சொல்லிக் கேளுங்க, தருவாங்க.

இப்ப எண்ணெய்க்கு வர்றேன். "கம்மியா"ன்னு மட்டும் சொன்னா வேலைக்கு ஆகாதுங்க. பர்னர் முழுத் தீயில எரியும், இரும்புச் சட்டி புகையும், எண்ணெய் குறைஞ்சா முட்டை அடியில பிடிச்சுக்கும். மாஸ்டர் கை தன்னால இன்னொரு கரண்டி ஊத்தும், அவர் வேணும்னு பண்றதில்லை. அளவாச் சொல்லுங்க: "ஒரு சின்னக் கரண்டிதான் எண்ணெய், ஒட்டுச்சுன்னா சூப் தண்ணி தெளிச்சுக்குங்க." சூப்புக்கு வெச்ச தண்ணி அடுப்புப் பக்கத்துலயே இருக்கும்.

நேரமும் முக்கியம். எட்டு மணிக்கு மேல ரஷ்ல நாலு பிளேட் ரைஸை ஒரே சட்டியில பிரட்டிப் பங்கு போடுவாங்க. உங்க ஒரு பார்சலுக்குன்னு தனிச்சட்டி வைக்க அப்ப முடியாது. ஏழு மணிக்குள்ள நேர்ல போய் நின்னு சொன்னீங்கன்னா காது கொடுத்துக் கேப்பாங்க.

ஊட்டச்சத்து_சூரமங்கலம் பதில்:

மேலே சொன்னதுக்கு எண்கள் சேர்க்கிறேன். கடைக்குக் கடை மாறும், ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது.

100 கிராம் வெந்த சாதம் 130 கலோரி. 15 மி.லி. எண்ணெய் சுமார் 120. ஒரு முட்டை 70-க்கும் 75-க்கும் நடுவில். ஒரு ஃபுல் சிக்கன் ரைஸில் 350 கிராம் சாதம், 45 மி.லி. எண்ணெய், 2 முட்டை, 80 கிராம் பொரித்த சிக்கன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதம் 455, எண்ணெய் 360, முட்டை 145, சிக்கன் ஏறத்தாழ 200. கூட்டினால் 1160. உங்கள் இரண்டு வேளைச் சாப்பாடு ஒரே பொட்டலத்தில் போய்விடுகிறது. முதல் தடவை வாங்கும்போது வீட்டுத் தராசில் பார்சலை வைத்து எடை பாருங்கள், நீங்கள் வாங்கும் கடையின் அளவு புரியும்.

உங்களுக்கு இப்படி அமைக்கலாம்: சாதம் 150 கிராம் (195), எண்ணெய் 15 மி.லி. (120), முட்டை 1 (72), வேகவைத்த சிக்கன் 60 கிராம் (100), கோஸ், கேரட், பீன்ஸ், வெங்காயத்தாள் சேர்ந்து 100 கிராம் (30). மொத்தம் 517. புரதம் 28 கிராம் பக்கம் வரும். அரை பிளேட் எக் ரைஸுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான். வெறும் அரை பிளேட் சாப்பிட்டால் பதினொரு மணிக்குப் பசித்து பிஸ்கட் டப்பாவைத் திறக்க நேரும்.

சூப்பை மட்டும் குடித்து ஓட்டாதீர்கள், காரணம் இதே பசிதான். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கிண்ணம் கிளியர் சூப் அல்லது லெமன் கொரியாண்டர் குடிக்கலாம், வயிறு கொஞ்சம் அடங்கும். ஹாட் அண்ட் சோர், ஸ்வீட் கார்ன் எல்லாம் கெட்டியாக இருப்பது கார்ன் பிளாரால். ஒரு மேசைக்கரண்டி மாவு 30 கலோரிதான், பயப்பட ஒன்றுமில்லை. நம்ம ஊர் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி ஸ்டார்ச்சும் இதே வகைதான், சுத்த மாவுச்சத்து. மஞ்சோ சூப்போடு வரும் பொரித்த நூடுல்ஸ் பொட்டலத்தை மட்டும் பிரிக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

அம்மாவுக்கு உப்புதான் கவலை. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் சுமார் 900 மி.கி. சோடியம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 2000 மி.கி., அதாவது 5 கிராம் உப்பு. சாஸைக் குறைக்கச் சொன்னால் மட்டும் போதாது. முட்டை உடைத்து ஊற்றும்போதே ஒரு சிட்டிகை, சாதம் போட்டதும் ஒரு சிட்டிகை என்று உப்பு தனியாக விழும். "சோயா வேண்டாம், உப்பும் பாதி, மிளகும் பச்சை மிளகாயும் போட்டுக் கொடுங்க" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ருசி குறைந்தால் வீட்டில் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். சூப் அவருக்கு வேண்டாம், அதில் உப்பு மறைந்திருக்கும்.

கொண்டலாம்பட்டி_ரைடர் பதில்:

அஜினோமோட்டோவை யாருமே சொல்லலையே? உடம்பு போடறதுக்கு அதுதான் காரணம்னு சொல்றாங்க, அது இல்லாத கடையாப் பாருங்க. சிவப்பா பளபளன்னு இருக்கற ஐட்டத்தையும் விட்டுருங்க.

இன்னொரு சந்தேகம். பார்சலுக்குப் பதிலா நம்ம ஊர் தட்டுவடை செட் (ரெண்டு தட்டைக்கு நடுவுல சட்னியும் காயும் வெச்சது) ரெண்டு சாப்பிட்டா கலோரி மிச்சமாகாதா? அதுல கேரட், பீட்ரூட் எல்லாம் துருவிப் போடறாங்களே.

ஊட்டச்சத்து_சூரமங்கலம் பதில்:

கலோரி ஏறுவது எண்ணெயாலும் சாதத்தின் அளவாலும். அஜினோமோட்டோவில் சோடியம் 12 சதவீதம், சாதா உப்பில் 39. அது இல்லாத கடையைத் தேடி அலைந்துவிட்டு, அங்கே ஃபுல் பிளேட் கோபி ரைஸ் வாங்கினால் ஒரு பலனும் இல்லை. அதே நேரம், அது உப்புக்கு மேல் கூடுதலாக விழுவதால் அம்மாவின் பார்சலில் வேண்டாம் என்று சொல்வது சரி.

சிவப்பு நிறம் பற்றிச் சொன்னது நியாயம். கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதை கர்நாடக அரசு 2024 மார்ச்சில் தடை செய்தது. துணிச் சாயமான ரோடமின்-பி உணவில் சேர்க்க அனுமதியே இல்லாத பொருள். பார்சல் காகிதத்திலும் விரலிலும் சிவப்பு ஒட்டிக்கொண்டு கழுவினாலும் போகவில்லை என்றால் அந்தக் கடையில் அந்த ஐட்டத்தை நிறுத்திவிடுங்கள்.

தட்டுவடை செட் மாலை நேரத்துக்கு, அளவோடு, நல்லதுதான். காயும் சட்னியும் இருக்கிறது, தட்டை மட்டும் பொரித்தது. ஆனால் புரதம் கிட்டத்தட்ட இல்லை. அதை ராத்திரிச் சாப்பாடாக ஆக்காதீர்கள்.

செவ்வாப்பேட்டை_சட்டி பதில்:

மிச்சம் வெக்கறதைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். டயட்ல இருக்கறவங்க பாதி சாப்பிட்டு மீதியை மேசை மேலயே மூடி வெச்சு காலையில சுடவெச்சு சாப்பிடறாங்க. அது தப்புங்க. சாதத்துல இருக்கற ஒரு வகை பாக்டீரியாவோட வித்து வேகவெச்சாலும் சாகாது. சூட்டுல கிடந்தா பெருகி விஷத்தை விடும், அந்த விஷம் திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. சேலம் சித்திரை வெயில்ல கேக்கவே வேண்டாம். பார்சலைப் பிரிச்சதும் மொதல்ல உங்க பங்கைத் தட்டுல எடுத்துட்டு, மீதியை அகலமான டப்பாவுல பரப்பி ஒரு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜ்ல வெச்சிருங்க. மறுநாளே முடிச்சிருங்க. வாங்கும்போதே சாதம் புளிச்ச வாடை அடிச்சா, கையில நசநசன்னு ஒட்டினா திருப்பிக் கொடுத்துருங்க.

அஸ்தம்பட்டி_வாசி பதில்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இப்படிச் சொல்லலாமா பாருங்க: "ஹாஃப் எக் ரைஸ் ஒண்ணு, முட்டை ஒண்ணு, சூப் சிக்கன் சேர்த்து, காய் டபுள், எண்ணெய் ஒரு சின்னக் கரண்டி. இன்னொரு ஹாஃப் அம்மாவுக்கு, அதே மாதிரி, சோயா, டேஸ்டிங் சால்ட் (அஜினோமோட்டோ) வேண்டாம், உப்பு பாதி. ஒரு கிளியர் சூப். டொமேட்டோ சாஸ் தனியா." தொட்டுக்க சில்லி சிக்கன் செமி கிரேவி ஹாஃப் சேர்த்துக்கலாமா?

ஊட்டச்சத்து_சூரமங்கலம் பதில்:

ஆர்டர் சரி. சில்லி சிக்கன் ஹாஃப் உங்கள் தட்டுக்கு வேண்டாம், அது முழுதாகச் சேர்ந்தால் 550-ஐ வெகுவாகத் தாண்டிவிடும். வீட்டில் மற்றவர்களுக்கு வாங்கினால் இரண்டு துண்டை முள்கரண்டியால் எடுத்து, கிரேவியை வழியவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் உப்பும் அதிகம் தேங்குவது அந்தக் கிரேவியில்தான். டொமேட்டோ சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை இருக்கிறது. அதற்குப் பதில் வினிகரில் ஊறிய பச்சை மிளகாய் கேளுங்கள்.

செவ்வாப்பேட்டை_சட்டி பதில்:

"காய் டபுள்"னு சொல்லும்போது "கோஸ் மட்டும் அள்ளிப் போட்டுறாதீங்க, பீன்ஸும் கேரட்டும் சேர்த்து"ன்னு சொல்லுங்க. ரஷ்ல கைக்கு முதல்ல வர்றது கோஸ்தான். கோஸ் நிறைய விழுந்தா தண்ணி விட்டு ரைஸ் குழையும், குழைஞ்சா உதிர்க்கறதுக்கு மாஸ்டர் இன்னொரு கரண்டி எண்ணெய் ஊத்திருவாரு. பத்து, இருபது ரூபா சேர்த்துக் கேப்பாங்க, கொடுத்துருங்க.