அப்டேட்: கம்ஃபர்டரா டூவேயான்னு கேட்டிருந்தேனே, ஒரு வழியா வாங்கிட்டேன்

கம்ஃபர்டர், டூவே, குயில்ட்னு விக்கற பஞ்சு வெச்ச போர்வைங்க எல்லாம் ஒண்ணுதானா, எத வாங்கறதுன்னு போன மாசம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கடைசியா டூவேதான் எடுத்தேன், ரெண்டு வாரமா யூஸ் பண்றேன்.

கம்ஃபர்டர்ல உள்ள இருக்கற பஞ்சும் மேல்துணியும் சேத்தே தச்சிருக்கும், துவைக்கணும்னா மொத்தமா தூக்கி மெஷின்ல போடணும், எங்க மெஷின்ல அது அடங்கவே அடங்காது, அதான் வேணாம்னு விட்டேன். டூவேல உள்ள இருக்கறது தனி கவர் தனி, தலகாணி உறை மாதிரி கழட்டி கவர மட்டும் துவைச்சா போதும். ஆனா கவரோட உள்மூலையில கட்டறதுக்கு நாடா இருக்கான்னு கண்டிப்பா பாருங்க, இல்லன்னா தூக்கத்துல புரளப் புரள உள்ள இருக்கறது எல்லாம் ஒரு பக்கமா போய் சுருண்டுக்குது.

குயில்ட் வேற. மேல்துணி, நடுவுல மெல்லிசா பஞ்சு, அடித்துணின்னு 3 அடுக்கயும் சேத்து தையல் ஓட்டினது. கட்டில் மேல விரிக்கற விரிப்புல, பெட்ஸ்ப்ரெட் தரை வரைக்கும் தொங்கும், கவர்லெட் மெத்தையோட பக்கவாட்டு வரைக்கும்தான்.

அப்பறம் டூவேல போட்டிருக்கற டாக் (tog) நம்பர், அது உடம்புச் சூட்ட எவ்ளோ வெளிய விடாம வெக்கும்ங்கற கணக்கு. வெயில் காலத்துக்கு 4.5 மாதிரி, நல்ல குளிருக்கு 13.5. நான் எடுத்தது 4.5, ஃபேன் போட்டு தூங்க இதுவே தாராளம்.