எண்ணெய்க் கப்பல் திட்டம்: சால்வர் "இதுதான் உகந்தது" என்கிறது, கப்பலில் இருப்பவர்கள் வேண்டாம் என்கிறார்கள்

நங்கூரம் (கேள்வி)

வணக்கம். தளவாடத் திட்டப் பிரிவில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. படித்தது கணிதம், கடலில் இருந்த அனுபவம் இல்லை.

பயிற்சிக்காக ஒரு கற்பனைக் களம் கொடுத்தார்கள். 6 போர்க்கப்பல்கள், 2 எண்ணெய்க் கப்பல்கள், 14 நாட்கள். எந்த எண்ணெய்க் கப்பல், எந்த நாளில், எங்கே, எந்தப் போர்க்கப்பலுக்கு எரிபொருள் தர வேண்டும் என்று சொல்ல வேண்டும். முழு எண் நிரலாக்க (integer programming) மாதிரி ஒன்று எழுதினேன். குறிக்கோள், எண்ணெய்க் கப்பல்கள் ஓடும் மொத்தத் தூரத்தைக் குறைப்பது. முக்கியமான கட்டுப்பாடு, எந்தக் கப்பலின் தொட்டியும் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. சால்வர் (மாதிரிக்கு உகந்த விடை தேடும் மென்பொருள்) நான்கே நிமிடத்தில் விடை தருகிறது. இதைவிடக் குறைந்த தூரம் கிடையாது என்று நிரூபித்தும் விடுகிறது.

கடலில் இருந்து வந்த அதிகாரிகளிடம் காட்டினேன். இரண்டு குறை சொன்னார்கள். முதலாவது, ஒரு கப்பல் 5 மணி நேரம் தாமதம் என்று மாற்றி ஓட்டினால் 9 சந்திப்புகளில் 4 சந்திப்புகளுக்கு நாளோ இடமோ மாறிவிடுகிறது. "நேற்று ஒன்று, இன்று ஒன்று சொன்னால் எப்படிக் கப்பல் ஓட்டுவது?" என்று கேட்டார்கள். இரண்டாவது, என் திட்டத்தில் எல்லாக் கப்பல்களும் 51, 52 சதவீதம் வரை காய்ந்த பிறகுதான் எண்ணெய் வாங்குகின்றன.

கணக்கில் பிழை இல்லை, மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். ஆனாலும் அவர்கள் சொல்வது நியாயம் என்றே மனதுக்குப் படுகிறது. மாதிரியில் எதை மாற்றுவது? கீழ் எல்லையை 60 ஆக்கிப் பார்த்தேன். இப்போது எல்லாம் 61இல் நிற்கின்றன.

பழைய டேங்கர்காரன் (பதில் 1)

தம்பி, பதினாறு வருடம் எண்ணெய்க் கப்பலில் இருந்தவன் நான். கணிதம் உங்கள் அளவுக்குத் தெரியாது. கடலில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், மாதிரியில் எங்கே பொருந்தும் என்று நீங்கள் பாருங்கள்.

உங்கள் வரைபடத்தில் சந்திப்பு ஒரு புள்ளி. கடலில் அது ஒரு கோடு. இரண்டு கப்பல்களும் பக்கத்தில் பக்கமாக, ஒரே திசையில், ஒரே வேகத்தில், குழாய் இணைந்த நிலையில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வேகம் 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் ஆனால் 36 கடல் மைல் போயிருப்பீர்கள். எந்தத் திசையில்? நீங்கள் விரும்பும் திசையில் இல்லை. காற்றும் அலையும் எந்தத் திசையில் ஓடினால் கப்பல் ஆடாமல் இருக்குமோ அந்தத் திசையில். அது அடுத்த சந்திப்புக்கு நேர் எதிர்த்திசையாக அமைந்தால் அந்த 36 மைலைத் திரும்பவும் ஓட வேண்டும், மொத்தம் 72. மொத்தத் தூரத்தைக் குறைக்கும் மாதிரி இதைக் கணக்கில் எடுக்கவில்லை என்றால் அது எதைக் குறைக்கிறது?

ஒருமுறை நாங்கள் பட்டது. பெயர்கள் வேண்டாம். கரையில் இருந்து வந்த திட்டப்படி காலை ஆறு மணிக்குச் சந்திப்பு. எதிரே வந்த கப்பலின் தொட்டி திட்டத்தில் எழுதியிருந்த அளவுக்குத் துல்லியமாகக் காய்ந்திருந்தது. அலை உயர்ந்துவிட்டது. குழாயை இழுத்துக் கட்டினோம், அரை மணியில் கழற்ற வேண்டியதாயிற்று, டெக்கில் இருந்த பையன் ஒருவனுக்குக் கை முறிந்தது. அந்தக் கப்பல் தன் காவல் இடத்தை விட்டு வேகத்தைக் குறைத்து இரண்டு நாள் ஒதுங்கி நின்றது. முந்தைய நாள் மதியம் அதே கப்பல் எங்களுக்கு 40 மைல் தொலைவில் இருந்தது, கடலும் அமைதியாக இருந்தது. அப்போதே கொடுத்திருக்கலாம். திட்டத்தில் இல்லாததால் கொடுக்கவில்லை.

அதனால்தான் 51 சதவீதத்தைப் பார்த்ததும் உங்கள் அதிகாரிகளுக்கு அடிவயிறு கலங்குகிறது. 80இலிருந்து 70க்கு இறங்குவதும் 60இலிருந்து 50க்கு இறங்குவதும் தாளில் ஒரே பத்துதான். கப்பலில் இருப்பவனுக்கு ஒன்றல்ல.

இன்னொன்று, வேகம். எரிபொருள் செலவு வேகத்தோடு நேர்விகிதத்தில் போவதாக எழுதியிருந்தால் உடனே மாற்றுங்கள். ஒரு மணி நேரச் செலவு ஏறத்தாழ வேகத்தின் முப்படியாக ஏறும். 360 மைலை 24 மணி நேரத்தில் கடக்க வேண்டும் என்றால் 15 நாட்டில் சீராக ஓடுவது ஒரு வழி. 12 மணி நேரம் 20 நாட், மீதி 12 மணி நேரம் 10 நாட் என்பது இன்னொரு வழி. முப்படிக் கணக்கில் இரண்டாவது வழிக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக எண்ணெய் ஆகும். (மிகக் குறைந்த வேகத்தில் இந்தக் கணக்கு சரியாக வராது, மின்சாரத்துக்கு என்று ஒரு நிலையான செலவு எப்போதும் உண்டு.) சந்திப்பு நேரத்தை அடிக்கடி மாற்றினால் கப்பல்கள் விரட்டி ஓடித்தான் பிடிக்க வேண்டும். திட்டம் மாறுவதற்கு என்ன விலை என்று கேட்டால், இதுவும் அதில் சேர்த்தி.

சிம்ப்ளெக்ஸ் (பதில் 2)

மேலே சொன்னவர் கடல் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் இந்தப் பாடம் நடத்துபவன்.

எல்லாக் கப்பல்களும் எல்லையில் போய் ஒட்டிக்கொள்வது பிழை அல்ல, இந்த முறையின் இயல்பே அதுதான். நீங்கள் தூரத்துக்கு மட்டும் விலை வைத்தீர்கள், எரிபொருள் கையிருப்புக்கு விலையே வைக்கவில்லை. 50க்கு மேலே இருக்கும் ஒவ்வொரு சொட்டும் சால்வரின் கண்ணுக்கு வீண். எல்லையை 60க்கு நகர்த்தினால் சுவர்தான் நகரும். சுவருக்குப் பதிலாகச் சரிவு வையுங்கள். 70க்குக் கீழே போனால் சதவீதத்துக்குச் சிறு அபராதம், 60க்குக் கீழே பெரிய அபராதம், 50 கடைசி எல்லையாகவே இருக்கட்டும். துண்டு துண்டான நேர்கோடுகளாக எழுதினால் சால்வருக்கு இது பெரிய சுமை இல்லை.

எதைக் குறைக்கிறோம் என்பதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்குச் செயல்பாட்டு ஆய்வு (operations research) என்ற இத்துறையின் தொடக்க காலத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் தன் வணிகக் கப்பல்களில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளைப் பொருத்தியது. தாக்க வந்த விமானங்களில் 4 சதவீதம்தான் சுட்டு வீழ்த்தப்பட்டன என்று தெரிந்ததும், பீரங்கிகளைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொடுக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. பிறகு வேறு எண்ணை எடுத்துப் பார்த்தார்கள். தாக்கப்பட்ட கப்பல்களில் பீரங்கியால் சுடாதவற்றில் 25 சதவீதம் மூழ்கின, பீரங்கியால் சுட்டவற்றில் 10 சதவீதம். பீரங்கி அங்கே இருப்பது விமானத்தை வீழ்த்த அல்ல, கப்பலைக் காப்பாற்ற. உங்கள் எண்ணெய்க் கப்பலும் தூரத்தைச் சேமிப்பதற்காகக் கடலுக்குப் போகவில்லை. போர்க்கப்பலைக் காவல் இடத்தில் நிறுத்தி வைக்கத்தான் போகிறது.

சிறு தாமதத்துக்கே திட்டம் பெரிதாக மாறிவிடும் சிக்கலுக்கு வழி தெரிந்ததே. மான்டெரேயில் உள்ள அமெரிக்கக் கடற்படை முதுநிலைப் பள்ளியைச் சேர்ந்த பிரவுன், டெல், வுட் ஆகியோர் 1997இலேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். அதன் சாரம்: பழைய திட்டத்தை மறந்துவிட்டு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்காதீர்கள். ஏற்கனவே அறிவித்த சந்திப்பை மாற்றினால் அதற்கு ஓர் அபராதம். நாளைய சந்திப்பை மாற்றினால் அதிகம், பத்து நாள் கழித்து வருவதை மாற்றினால் கொஞ்சம். அடுத்த 48 மணி நேரத்தை முழுவதுமாகப் பூட்டியும் வைக்கலாம்.

அபராதத்தின் அளவை எப்படி முடிவு செய்வது என்று கேட்பீர்கள். அங்கேதான் முடிவுப் பகுப்பாய்வு வேண்டும், அங்கே சால்வர் உதவாது. தளபதியிடம் போய் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஒரு போர்க்கப்பல் ஒரு நாள் காவல் இடத்தை விட்டு விலகுவதைத் தவிர்க்க, எண்ணெய்க் கப்பலை எத்தனை மைல் கூடுதலாக ஓட்டச் சம்மதிப்பீர்கள்?" 100 என்றால் சரி என்பார். 500 என்றால் யோசிப்பார். அப்படியே நெருக்கி 300 என்று நிற்கிறார் என வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது டேங்கர்காரர் சொன்ன அந்த நாளைக் கணக்காகப் பாருங்கள், எண்கள் நான் வைத்தவை. இன்றே எண்ணெய் கொடுக்கப் போனால் 110 மைல் கூடுதல் ஓட்டம். நாளைக்கு ஒத்திப்போட்டால் கூடுதல் ஓட்டம் இல்லை, ஆனால் கடல் கொந்தளிக்க 0.3 வாய்ப்பு. கொந்தளித்தால் கப்பல் இரண்டு நாள் ஒதுங்கும், அதாவது 600 மைலுக்குச் சமமான இழப்பு. எதிர்பார்ப்பு இழப்பு 0.3 × 600, அதாவது 180. 110ஐ விட அதிகம், ஆகவே இன்றே போக வேண்டும். 110ஐ 600ஆல் வகுத்தால் 0.18. கொந்தளிப்பு வாய்ப்பு 18 சதவீதத்துக்குக் கீழே என்று வானிலைக்காரர் சொன்னால் காத்திருக்கலாம், மேலே என்றால் கிளம்ப வேண்டும். இந்த ஒற்றை எண்ணைக் கேப்டனிடம் கொடுத்தால் அவரால் பயன்படுத்த முடியும். அட்டவணை முழுவதையும் நீட்டினால் முடியாது.

திசைகாட்டி (பதில் 3)

ஒரு சிறு எச்சரிக்கை. வானிலைக்கு வாய்ப்பு எண் வைப்பது சரி, ஏனென்றால் புயல் உங்கள் திட்டத்தைப் பார்த்து மனம் மாற்றிக்கொள்ளாது. எதிரி மாற்றிக்கொள்வான். திட்டம் மாறவே கூடாது என்று மிகவும் இறுக்கினால், எண்ணெய்க் கப்பல் எங்கே வரும் என்று அவன் கணித்துவிடுவான்.

அதற்கு வாய்ப்புக் கணக்கு போதாது, விளையாட்டுக் கோட்பாடு வேண்டும். 1943 மார்ச்சில் நடந்த பிஸ்மார்க் கடல் சண்டையைப் பாருங்கள். பசிபிக்கில் ரபால் துறைமுகத்தில் இருந்து நியூ கினியின் லே (Lae) நகருக்குப் போக ஜப்பானியத் தொடரணிக்கு இரண்டு வழி: மேகம் மூடிய வடக்கு, தெளிவான தெற்கு. நேச நாட்டு விமானப் படைகளின் தளபதி கென்னியின் விமானங்கள் எந்தப் பக்கம் அதிகம் தேடுவது? ஹேவுட் என்ற அமெரிக்க விமானப்படை அதிகாரி 1954இல் இதை 2×2 அட்டவணையாக எழுதிக் காட்டினார். வடக்கில் தேடினால் எதிரி எந்த வழியில் வந்தாலும் 2 நாள் குண்டு வீசலாம். தெற்கில் தேடினால் 3 நாள் கிடைக்கலாம், 1 நாளாகவும் சுருங்கலாம். கென்னி வடக்கில் தேடினார், தொடரணியும் வடக்கில்தான் வந்தது. 8 போக்குவரத்துக் கப்பல்களும் மூழ்கின. எதிரி எதைச் செய்வான் என்று ஊகிக்காமல், எதைச் செய்ய முடியும் என்று பார்த்து எடுத்த முடிவு.

உங்கள் களத்தில் எதிரி இல்லை என்றால் இதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

நங்கூரம்

மூவருக்கும் நன்றி. நான்கு நாள் உட்கார்ந்து மாற்றினேன். சந்திப்பைப் புள்ளியில் இருந்து கோடாக்கினேன், எட்டுத் திசைகளில் அன்றைய அலைக்கு ஏற்றதை மட்டும் அனுமதித்தேன். சுவருக்குப் பதில் சரிவு. அடுத்த 48 மணி நேரம் பூட்டு. தளபதியின் எண் 300 அல்ல, 220. அந்தக் கேள்விக்கு அவர் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார், நடுவில் இரண்டு பேரைக் கூப்பிட்டு விவாதித்தார். இவ்வளவு நாளில் எனக்குக் கிடைத்த மிக நல்ல தரவு அதுதான்.

அதே 5 மணி நேரத் தாமதத்தைக் கொடுத்து ஓட்டினேன். இப்போது 9இல் 1 சந்திப்புதான் மாறுகிறது, அதுவும் பதினோராம் நாளில். பழைய திட்டத்தையும் கோட்டுக் கணக்கில் அளந்து ஒப்பிட்டேன், அதைவிட மொத்தத் தூரம் 6 சதவீதம் கூடியிருக்கிறது. தொட்டிகள் பெரும்பாலும் 65க்கு மேலே நிற்கின்றன.

டேங்கர்கார ஐயாவுக்கு ஒரு கேள்வி: குழாய் இணைக்கவும் கழற்றவும் ஆகும் நேரத்தை எல்லாக் கப்பலுக்கும் ஒரே எண்ணாக வைத்திருக்கிறேன். இரவில் செய்தால் எவ்வளவு கூட்ட வேண்டும்?

பழைய டேங்கர்காரன்

ஒரே எண் வேண்டாம். புதிய குழு, பழகிய குழு என்று பிரித்து வையுங்கள், இரவு பகலைவிட அந்த வித்தியாசம் பெரியது. பழகிய குழு இருட்டிலும் செய்துவிடும். புதிய குழுவுக்கு முதல் சந்திப்பைப் பகலிலேயே போடுங்கள், அதைக் கட்டுப்பாடாகவே எழுதிவிடுங்கள். அந்தக் கை முறிந்த பையனுக்கு அதுதான் முதல் தடவை.