ஒற்றனாகப் போகும் சிறுவன்: நாடகத்துக்குச் சட்ட விவரம் வேண்டும்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): வாசகசாலை நாடகம். கதை ஆந்திர எல்லைக் காட்டில். 12 வயதில் ஆயுதக் குழு இழுத்துப்போன பையன், 17-ல் எதிர்முகாமுக்குள் உளவாளியாக நுழைகிறான். சோறு போட்டவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டு மனம் பொறுக்காமல் சரணடைகிறான். சிறைக் காட்சி வைக்கலாமா?

பதில்: வேண்டாங்க. 2015 சிறார் நீதிச் சட்டப்படி 18 நிரம்பாதவனை லாக்கப்பில் அடைக்கக்கூடாது. பயண நேரம் போக 24 மணிக்குள் சிறார் நீதி வாரியத்தின் முன் நிறுத்தணும்.

பதில்: சிக்கல் வயதில்தான். முதலில் பள்ளிச் சான்று, அடுத்து பஞ்சாயத்துப் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை. அதில் இரண்டு வருஷம் முன்பின் ஆகும்; 17 என்பது 19 ஆகிவிடலாம். காட்டில் வளர்ந்தவனிடம் காகிதம் ஏது? அந்த இடத்தை நிதானமாக எழுதுங்க.

பதில்: ஆள் சேர்த்தவனை விட்டுடாதீங்க. அதே சட்டத்தின் 83ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் அபராதம். குற்றவுணர்ச்சிக்கு உகாண்டாவின் டொமினிக் ஒங்வென் வழக்கைப் படிங்க: சிறுவனாக ஆயுதக் குழுவால் கடத்தப்பட்டவர், அதிலேயே தளபதியானபின் செய்த குற்றங்களுக்கு 2021-ல் 25 ஆண்டு சிறை. கடத்தலைக் கருதித் தண்டனையைக் குறைத்தார்கள், விடுவிக்கவில்லை.