மாணவர் விஞ்ஞானப் போட்டிக்குப் புதிய இணைப்பாளர்: ஆசிரியரா, பழைய மாணவியா?

உப்புவெளி ஆசிரியர்:
திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளுக்கான நமது விஞ்ஞானச் செயற்றிட்டப் போட்டியைத் தொடக்கம் முதல் நடத்திவந்த இணைப்பாளர் சேர், இவ்வாண்டுடன் பொறுப்பை ஒப்படைக்கிறார். அவரது இடத்துக்கு, இதே போட்டியில் பங்குபற்றிப் பின்னர் பொறியியல் படித்து இப்போது கொழும்பில் பணியாற்றும் பழைய மாணவி ஒருவரைச் செயற்குழு முன்மொழிந்துள்ளது. அவருடைய திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நாள்தோறும் வகுப்பறையில் நிற்பவரிடமே இப்பொறுப்பு இருக்க வேண்டும் என்கிறேன். நடுவராக அமரும் சேர், காட்சிப் பலகையை ஏறிட்டுப் பார்க்கும் முன்பே மாணவரின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்குவார். வெட்டித் திருத்திய அளவீடுகளும், வெவ்வேறு பேனையால் எழுதிய திகதிகளும், ஓரத்தில் பட்ட இரசாயனக் கறையும் இருந்தால் அவருக்கு மகிழ்ச்சி. முழுப் புத்தகமும் ஒரே மூச்சில் அழகாக எழுதப்பட்டிருந்தால், பிள்ளையிடம் அமைதியாக நாலு கேள்வி கேட்பார். பிள்ளைகளோடு பழகிப் பழகி வந்த பார்வை அது. கொழும்பிலிருந்து மாதமொரு முறை வந்து போகிறவருக்கு அது எப்படி வாய்க்கும்?

கிண்ணியா பழைய போட்டியாளர்:
சேர், உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது. முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் 1942 முதல் நடைபெறும் விஞ்ஞானத் திறமைத் தேடல் போட்டியை நடத்துகிற சொசைட்டி ஃபார் சயன்ஸ் அமைப்புக்கு 2014 முதல் தலைமை தாங்கிய மாயா அஜ்மேரா, 1985 இல் அதே போட்டியில் பங்குபற்றியவர். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கு, பிள்ளை எங்கே தடுமாறும் என்பது தெரியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிணற்று நீரில் பற்றீரியா உண்டா என்று பார்க்க நம் பிள்ளைகள் வீட்டிலேயே வளர்ப்புத் தட்டு வைக்கிறார்கள். அதே அமைப்பு நடத்தும் சர்வதேச விஞ்ஞான பொறியியல் கண்காட்சியின் விதிப்படி, நுண்ணங்கிகளை வீட்டில் வளர்த்தால் அந்தச் செயற்றிட்டத்துக்கு அங்கே இடமில்லை. அத்தகைய ஆய்வுக்குப் பரிசோதனை தொடங்கும் முன்பே அனுமதி பெற வேண்டும். இதை முதல் நாளே சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் நல்ல பிள்ளைகளின் உழைப்பு வீணாகிறது.

உப்புவெளி ஆசிரியர்:
தங்கை, நீங்கள் காட்டிய உதாரணமே என் பக்கம் பேசுகிறது. அந்தப் போட்டியின் அனுசரணை வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்திடமிருந்து 1998 இல் இன்டெலுக்கும், 2017 இல் ரீஜெனரோனுக்கும் மாறியது. பெயரே மாறியும் போட்டி நின்றுவிடவில்லை. ஏனென்றால் அதன் பின்னால் 1921 இல் தொடங்கிய அமைப்பும், சம்பளம் பெறும் அலுவலர்களும், எழுதி வைத்த விதிகளும் இருந்தன. நம்மிடம் இருப்பது சேரின் கைப்பேசியும், சனிக்கிழமையைத் தியாகம் செய்யும் சில ஆசிரியர்களும்தான். இங்கே ஆள் மாறினால் எல்லாமே மாறிவிடும்.

மூதூர்ப் பெற்றோர்:
இருவரும் நகரத்திலிருந்தே பேசுகிறீர்கள். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்ட பிறகு தரைவழி இலகுவாகிவிட்டது உண்மைதான்; ஆனால் வெருகலிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் காட்சிப் பலகையைச் சுமந்துகொண்டு, காலை எட்டு மணிக்கு நகரப் பாடசாலை மண்டபத்துக்கு வந்து சேர வேண்டிய பிள்ளை எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும் என்று யோசித்தீர்களா? யார் இணைப்பாளராக வந்தாலும் முதற்சுற்றை மூதூர், கந்தளாய், கிண்ணியா கல்வி வலயங்களிலும் நடத்துவாரா என்பதுதான் எனது கேள்வி. சேர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இருந்தும் அவர் காலத்தில் இது நடக்கவில்லை.

கிண்ணியா பழைய போட்டியாளர்:
ஐயா கேட்பது முற்றிலும் நியாயம். முன்மொழியப்பட்டவர் செயற்குழுவுக்கு அனுப்பிய கடிதத்தில் வலயச் சுற்றுகளை முதலாவதாகவே குறிப்பிட்டிருக்கிறார். புல்மோட்டை இல்மனைற் கனிம மணலையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் வெப்பநிலை வேறுபாட்டையும் அங்கேயே வாழும் பிள்ளை ஆராய்வதற்கு நகரத்து ஆய்வுகூடம் தேவையில்லை. வெப்பமானியும் குறிப்பேடும் வழிகாட்டும் ஓர் ஆசிரியரும் போதும். ஒரே மனிதரின் தலைக்குள் இருக்கும் அனுபவத்தை எழுத்தில் இறக்க வேண்டுமென்று நீங்களே சொல்லாமல் சொல்லிவிட்டீர்கள், சேர். கைப்பேசியை நம்பி ஒரு போட்டி இருக்கக் கூடாது.

உப்புவெளி ஆசிரியர்:
எழுத்தில் இறக்குவதை நான் எதிர்க்கவில்லை. குறிப்பேட்டுக்கு எத்தனை புள்ளி, காட்சிப் பலகைக்கு எத்தனை புள்ளி, சொந்தப் பாடசாலைப் பிள்ளைக்கு நடுவர் புள்ளியிடலாமா என்பவற்றைச் சேர் பொறுப்பில் இருக்கும்போதே எழுதி, ஐந்து வலயங்களின் விஞ்ஞான ஆசிரிய ஆலோசகர்களுக்கும் கொடுக்க வேண்டும். அடுத்த போட்டியை இப்போதைய இணைப்பாளர் சேரும் புதியவரும் ஒன்றாகவே நடத்தட்டும். குறிப்பேட்டுப் புள்ளியைக் குறைத்துப் பலகைக்கு ஏற்றினால், கூட்டத்தில் எழுந்து எதிர்த்து வாக்களிப்பேன், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

மூதூர்ப் பெற்றோர்:
அந்தக் கூட்டத்தை இம்முறை மூதூரில் வையுங்கள். மண்டபத்துக்கு நாங்கள் பொறுப்பு.