சூலா: நெல் பார்த்தாளா, வேடிக்கை பார்த்தாளா?

காவிரிக்கரை
நேற்று திருச்சி வாசகன் இங்கே ஒரு குறிப்பு போட்டிருந்தார். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மோரிசனின் ‘சூலா’ நாவலை மூன்று வரியில் முடித்துவிட்டார். “இரண்டு தோழிகள், ஒருத்தி நல்லவள், ஒருத்தி கெட்டவள். கெட்டவள் நல்லவளின் புருஷனைக் கெடுக்கிறாள். கடைசியில் நல்லவள் மன்னித்துவிடுகிறாள்.” படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. அந்த நாவலில் மன்னிப்பு எந்தப் பக்கத்தில் வருகிறது? கடைசி அத்தியாயத்தைப் படித்த ஒருவர், சூலாவின் தோழி நெல் (Nel) நல்லவள் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா?

படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒஹாயோ மாநிலத்தில் மெடாலியன் என்ற ஊர். அதன் மேட்டில் கறுப்பர்கள் குடியிருக்கும் இடத்துக்கு ‘பாட்டம்’ என்று பெயர். 1922இல் சூலாவுக்கும் நெல்லுக்கும் வயது பன்னிரண்டு. ஆற்றங்கரையில் இருவரும் இருக்கும்போது சிக்கன் லிட்டில் என்ற பொடியன் வருகிறான். சூலா அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கிறுகிறுவென்று சுற்றுகிறாள். பிடி நழுவுகிறது. பையன் தண்ணீரில் போய் விழுகிறான், மேலே வரவே இல்லை. இரண்டு பேரும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. 43 வருடம் கழித்து, 1965இல், முதியோர் இல்லத்தில் கிடக்கும் சூலாவின் பாட்டி ஈவா நெல்லிடம் கேட்கிறாள்: அந்தப் பையனை எப்படிக் கொன்றாய்? நானில்லை, சூலா என்கிறாள் நெல். நீயோ சூலாவோ, என்ன வித்தியாசம், நீ அங்கே இருந்தாய், பார்த்தாய் இல்லையா என்கிறாள் கிழவி.

நாவல் ‘பார்த்தாய்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது. கண்ணில் படுவது வேறு, நின்று வேடிக்கை பார்ப்பது வேறு. நெல் வேடிக்கை பார்த்தாள்.

திருச்சி வாசகன்
மூன்று வரிக்கு இவ்வளவு பெரிய கோபமா? சரி, பதில் சொல்கிறேன்.

ஈவா சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறீர்கள். ஈவா யார்? போருக்குப் போய்ப் போதை மருந்துக்கு அடிமையாகித் திரும்பிய சொந்த மகன் பிளம் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியவள். 1921 அத்தியாயம், மறுபடி புரட்டுங்கள். 1965இல், உனக்கு யார் சொன்னது என்று நெல் கேட்டதற்கு, பிளம் வந்து சொல்கிறான் என்கிறாள். செத்துப்போனவன் வந்து சொல்கிறானாம். இந்தச் சாட்சியை வைத்துத்தான் ஒரு பெண்ணைக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

அப்புறம், ‘வேடிக்கை’ என்ற சொல் மூலத்தில் கிடையாது. நீங்கள் சேர்த்தது. நான் இந்த நாவலை ஆங்கிலத்தில் மூன்று முறை படித்தவன்.

காவிரிக்கரை
மூன்று முறை படித்தும் இது கண்ணில் படவில்லை என்றால் நான் என்ன செய்ய?

ஈவாவை விட்டுவிடுங்கள். நெல்லே ஒத்துக்கொள்கிறாள். முதியோர் இல்லத்திலிருந்து வெளியே வந்ததும் தனக்குள் கேட்டுக்கொள்கிறாள்: அது நடந்தபோது எனக்கு ஏன் வருத்தம் வரவில்லை, அவன் விழுவதைப் பார்க்க ஏன் அவ்வளவு நன்றாக இருந்தது? சூலா அன்று அழுது துடித்தபோது தான் அமைதியாக இருந்ததை நிதானம், பக்குவம், இரக்கம் என்றெல்லாம் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தவள் நெல். அது பக்குவம் இல்லை, ஒரு கிளர்ச்சி வந்து அடங்கிய பிறகு வருகிற நிம்மதி என்று அங்கேதான் அவளுக்கு உறைக்கிறது. ரோட்டில் விபத்து நடந்தால் கூட்டம் கூடி நின்று பார்க்கிறதே, அதற்குத் தமிழில் என்ன பெயர்? வேடிக்கை பார்ப்பது. அந்தச் சொல்லைத்தான் எழுதினேன். இன்னும் பத்துத் தடவை எழுதுவேன்.

ஒற்றைப்பனை
‘பார்த்துக்கொண்டு நின்றாள்’ என்று போடலாமே? வேடிக்கையில் ஒரு சிரிப்பு இருக்கிறது, இங்கே அது ஒட்டவில்லை. இன்னொன்று, அந்தப் பெண்ணின் பெயரை ‘நெல்’ என்று எழுதினால் எனக்கு வயல்தான் கண்ணில் வருகிறது. ‘நெல்ல்’ என்று அழுத்தி எழுதலாமா?

காவிரிக்கரை
பெயரை எப்படி எழுதினாலும் அவள் செய்தது மாறாது. ஒட்டவில்லை என்கிறீர்கள். அந்த ஒட்டாத இடத்தைத்தானே மோரிசன் எழுதியிருக்கிறார்? ஒரு குழந்தை சாகிறது, பார்க்கிறவளுக்கு உள்ளே இனிக்கிறது. உங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்பதற்காக அவர் எழுதியதை நாம் மென்மையாக்க முடியாது.

மருதாணி
நான் நெல் பக்கம். வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

காவிரிக்கரை மேடம், நீங்கள் ஆற்றில் விழுந்த பையனைத் தவிர வேறு எதையும் பேச விடமாட்டேன் என்கிறீர்கள். 1937இல் நெல் தன் வீட்டு அறைக்குள் நுழையும்போது கணவன் ஜூடும் உயிர்த்தோழியும் துணியில்லாமல் இருக்கிறார்கள். அவன் அத்தோடு வீட்டை விட்டே போகிறான். அதற்குப் பிறகு அவன் வேலை பார்த்த அதே ஹோட்டலில் அறைகளைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்த்தவள் நெல். சூலாவா வந்து வளர்த்தாள்?

எனக்கு இது படிப்பு விஷயம் இல்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழி எனக்கும் இருந்தாள். என் தட்டில் சாப்பிட்டவள். என் அம்மா செத்த அன்றிலிருந்து என் கூடவே பதினாறு நாள் இருந்தவள். அவளால்தான் என் குடும்பம் உடைந்தது. பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. யார் எவ்வளவு அழகாக விளக்கினாலும் சூலாவை என்னால் பாவம் என்று சொல்ல முடியாது.

திருச்சி வாசகன்
வாழ்க்கையைத் தெரிந்தவர் பேசுகிறார். கேட்டுக்கொள்ளுங்கள் காவிரிக்கரை.

காவிரிக்கரை
மருதாணி, உங்களுக்கு நடந்தது அநியாயம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சூலா பாவம் என்று நான் எங்குமே எழுதவில்லை. நெல் நல்லவள் இல்லை என்று மட்டும்தான் எழுதினேன். இரண்டும் ஒன்றில்லை. திருச்சி வாசகன், அடுத்தவர் வலிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளாதீர்கள். உங்களைக் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

செங்கல்சூளை
தோழர்களே, ஒரு மணி நேரமாக ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். அந்த ஊருக்கு ஏன் பாட்டம் என்று பெயர் வந்தது என்று யாராவது சொன்னீர்களா? வேலையை முடித்துக் கொடுத்தால் விடுதலையும் பள்ளத்து நல்ல நிலமும் தருகிறேன் என்று அடிமையிடம் சொன்ன வெள்ளைக்காரன், கடைசியில் மலை மேட்டைக் கொடுக்கிறான். கடவுள் மேலிருந்து பார்த்தால் இதுதான் சொர்க்கத்தின் அடி என்று ஏமாற்றுகிறான். விதை போட்டால் மழையில் அடித்துக்கொண்டு போகிற மண் அது.

ஜூட் எதற்குக் கல்யாணம் செய்துகொண்டான்? ஆற்றோரம் புதுச் சாலை போடும் வேலைக்கு ஏங்கி நிற்கிறான். கறுப்பன் என்பதால் எடுக்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் 1927இல் நெல்லைக் கட்டுகிறான். 1941இல், அந்தச் சாலை போய்ச் சேரும் இடத்தில் கறுப்பர்களுக்கு வேலை தராமல் தோண்டிய சுரங்கப்பாதைக்குள் ஊர் ஜனமே ஆத்திரத்தோடு இறங்கி உடைக்கப் போய், மண் சரிந்து எத்தனையோ பேர் சாகிறார்கள். ஆற்றில் விழுந்த அந்தப் பையனின் பிணத்தைக் கண்டெடுத்த வெள்ளைப் படகுக்காரனுக்குக் கம்பளித் துணியில் நாற்றம் ஏறிவிடுமே என்றுதான் கவலை. பையன் ஊருக்கு வந்து சேர மூன்று நாள் ஆகிறது. இதை விட்டுவிட்டு இரண்டு சிறுமிகளுக்குள் யார் பார்த்தாள் என்று விசாரணை நடத்துகிறீர்கள்.

காவிரிக்கரை
நீங்கள் சொன்னது அத்தனையும் சரி, ஒரு எழுத்து மாற்ற வேண்டாம். ஆனால் அந்த மூன்று நாளும் அந்த இரண்டு பெண்களும் எங்கே இருந்தார்கள்? வீட்டில்தான். பையனின் தாய் பக்கத்துத் தெருவில் தேடிக்கொண்டிருந்திருப்பாள். படகுக்காரன் கொடுமைக்காரன் என்பதால் நெல்லின் மௌனம் நியாயமாகிவிடுமா?

செங்கல்சூளை
எதைச் சொன்னாலும் நெல்லிடமே வந்து முடிக்கிறீர்கள். போன வருடம் மொழிபெயர்ப்பு பற்றிய விவாதத்திலும் இதே மாதிரிதான். அன்று என்னைத் தமிழ் வாசிக்கத் தெரியாதவன் என்றீர்கள், நான் மறக்கவில்லை.

காவிரிக்கரை
அப்படிச் சொல்லவில்லை. அவசரமாக வாசிக்கிறீர்கள் என்று சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

பொட்டல்வெளி
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பார்பரா ஸ்மித் 1977இல் எழுதிய கட்டுரையில் இதைப் பெண்கள் ஒருவரை ஒருவர் காதலிக்கும் நாவலாக வாசிக்கலாம் என்கிறாரே? அப்படி வைத்துப் பார்த்தால் ஜூட் விஷயமே வேறு மாதிரி ஆகிவிடாதா?

திருச்சி வாசகன்
மோரிசனே அதை மறுத்துவிட்டார் தம்பி. எழுதியவர் இல்லை என்று சொன்ன பிறகு என்ன வாசிப்பு?

பொட்டல்வெளி
அண்ணா, எழுதியவர் சொல்வதே முடிவு என்றால் நாம் எல்லோரும் இங்கே எதற்கு? ஸ்மித் உடல் உறவைச் சொல்லவில்லை. அந்த இரண்டு பேருக்கும் ஆண்கள் இரண்டாம் பட்சம் என்பதைச் சொல்கிறார். நாவலும் அப்படித்தானே முடிகிறது? இத்தனை வருடமும் ஜூடுக்காக ஏங்கியதாக நினைத்த நெல், தான் ஏங்கியது சூலாவுக்காக என்று கடைசிப் பக்கத்தில் கண்டுபிடித்துக் கதறுகிறாள். நாம் சேர்ந்தே சிறுமிகளாக இருந்தோமே என்று சொல்லி அழுகிறாள். எனக்கு அந்த இடத்தில் புத்தகத்தை மூட முடியவில்லை.

காவிரிக்கரை
நல்லது பொட்டல்வெளி. ஆனால் அந்த அழுகை ஏன் அன்றைக்கு வருகிறது என்று பாருங்கள். சூலா செத்தது 1940இல். இருபத்தைந்து வருடமாக வராத அழுகை, ‘நீ பார்த்தாய்’ என்று ஈவா சொன்ன அதே நாள் வருகிறது. நீ நல்லவள், அவள் கெட்டவள் என்ற சுவர் இடிந்த பிறகுதான் தோழி திரும்பக் கிடைக்கிறாள். இதைத்தான் காலையிலிருந்து கத்துகிறேன்.

வளர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லின் அம்மா ஹெலீன், நியூ ஆர்லியன்ஸில் விலைமகளுக்குப் பிறந்து, அந்தக் கறை தன் மேல் படக்கூடாது என்று ஓடி வந்தவள். வீட்டைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைப்பாள். மகளிடம் மூக்கை இழுத்துவிடச் சொல்வாள், நீளமாக வேண்டுமாம், ராத்திரியில் துணிக் கிளிப்பை மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். 1920இல் ரயிலில் வெள்ளைக் கண்டக்டர் அதட்டியதும் அந்த அம்மா இளித்ததை மகள் பார்க்கிறாள். ஊர் திரும்பிய ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று, நான் நெல் இல்லை, நான் நான்தான் என்கிறாள். சூலாவோடு சேர்ந்த பிறகு, படுத்ததும் கிளிப்பைப் போர்வைக்கு அடியில் தள்ளிவிடுகிறாள்.

சூலாவின் வீடோ நேர்மாறு. பாட்டி ஒற்றைக் கால், வீடு முழுக்க வாடகைக்காரர்கள், எதற்கும் ஒழுங்கு கிடையாது. பையன் செத்த அன்றுதான் அவள் அம்மா ஹானா, சூலா மேல் அன்பு இருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை என்று தோழிகளிடம் பேசுவது அவள் காதில் விழுகிறது. அந்த வலியோடு ஆற்றுக்குப் போனவள் சூலா. அவளுடைய கை நழுவியதற்கு ஒரு காரணமாவது தேடிச் சொல்லலாம். நெல்லுக்கு என்ன காரணம்?

மருதாணி
வேடிக்கை பார்ப்பதுதான் குற்றம் என்றால் சூலா செய்ததை ஏன் சொல்லவில்லை? மறு வருடம் பெற்ற தாய் முற்றத்தில் தீப்பிடித்து எரிகிறாள். சூலா தாழ்வாரத்தில் நின்று பார்க்கிறாள். அதிர்ச்சியில் உறைந்துவிட்டாள் என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. சாகும்போது அவளே நினைத்துப் பார்க்கிறாள், சிலிர்ப்பாக இருந்தது, அம்மா அப்படியே துடித்து ஆடிக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்தது என்று. இதைத் தெரிந்துகொண்டே மறைத்தீர்களா மேடம்?

திருச்சி வாசகன்
இதற்குப் பதில் வராது, பார்த்துக்கொண்டே இருங்கள்.

காவிரிக்கரை
வருகிறது. மறைக்கவில்லை. இரண்டு பேரும் வேடிக்கை பார்த்தவர்கள்தான், அதனால்தான் நீயோ சூலாவோ என்ன வித்தியாசம் என்று ஈவா கேட்கிறாள். ஒருத்தி தனக்குள் அதை ஒத்துக்கொண்டு செத்தாள். இன்னொருத்தி 43 வருடம் சர்ச்சுக்குப் போய்க்கொண்டு, நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு, நல்லவள் என்ற பெயரோடு வாழ்ந்தாள்.

ஈவாவைக் கொலைகாரி என்றீர்களே, அதே ஈவா ஹானா எரிந்தபோது மாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒற்றைக் காலோடு குதித்தாள். நானாக இருந்தால் பார்த்துக்கொண்டு நின்றிருக்க மாட்டேன் என்று முதியோர் இல்லத்தில் நெல்லிடம் அவள் சொல்வது வெற்று வார்த்தை இல்லை. உடம்பைக் கிழித்துக்கொண்டு சொன்னது.

திருச்சி வாசகன்
ஒத்துக்கொண்டுவிட்டால் குற்றம் போய்விடுமா? நல்ல நீதி. குதித்தவளே கொளுத்தியவளும்தான். ஒன்றை வைத்து மற்றதை அழிக்காதீர்கள். ‘வேடிக்கை’ மூலத்தில் இல்லை என்று சொன்னேனே, அதற்கு இதுவரை பதில் இல்லை.

ஒற்றைப்பனை
சூலா என்ற பெயரிலேயே நமக்குச் ‘சூல்’ கேட்கிறது. பிள்ளை பெற்றுக்கொள் என்று பாட்டி சொல்லும்போது, இன்னொருவரை உருவாக்க வேண்டாம், என்னையே உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்கிறாள் அவள். தமிழில் படிக்கும்போது இது கூடுதலாகத் தைக்கிறது. யாரும் பேசாததால் சொன்னேன்.

செங்கல்சூளை
அழகாகச் சொன்னீர்கள். இங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

மருதாணி
எனக்கு இன்னொன்று கேட்க வேண்டும். மரணப்படுக்கையில் சூலா, நல்லவள் நீதான் என்று உனக்கு எப்படித் தெரியும், ஒருவேளை நானாக இருக்கலாம் என்று நெல்லிடம் கேட்கிறாள். எவ்வளவு திமிர்! ஆனால் செத்த பிறகு, அட, வலிக்கவே இல்லையே, நெல்லிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நினைக்கிறாள். அந்த இடத்தை நான் வெறுக்கிறேன். அதைப் படித்த ராத்திரி என் போனில் அந்தப் பழைய எண்ணைத் தேடி எடுத்தேன். கூப்பிடவில்லை. கூப்பிடவும் மாட்டேன். நெல் நல்லவள்தான்.

காவிரிக்கரை
மருதாணி, கூப்பிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் விஷயம். ஆனால் நெல் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். திருச்சி வாசகன், மூலத்தில் நெல்லே அந்த இரண்டு சொல்லையும் எடை போடுகிறாள். பார்த்தாய் என்றால் என்ன அர்த்தம், கண்ணில் படாமல் எப்படி இருக்கும் என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறாள். ஒன்று தானாகக் கண்ணில் படுவது, மற்றது நின்று பார்ப்பது. அந்த இரண்டாவது சொல்லுக்கு ‘வேடிக்கை பார்த்தல்’ இல்லையென்றால் வேறு என்ன? ஒரு சொல் கொடுங்கள்.

திருச்சி வாசகன்
பார்த்தாள். அவ்வளவுதான்.

காவிரிக்கரை
வேடிக்கை பார்த்தாள். 1965 அத்தியாயத்தை நாலாவது முறை படித்துவிட்டு வாருங்கள், நான் இங்கேதான் இருப்பேன்.